வாய் தெரியாத காட்சி

"திலகா" என்றுதான் மாசிலாமணி சொல்லியிருந்தார், அதில் சந்தேகமே இல்லை. "ஷென் யூ, என்னையும் ஏத்திக்குவியா?" என்று கதாநாயகன் கதாநாயகியைக் கேட்க வேண்டிய வசனம் "திலகா, என்னையும் ஏத்திக்குவியா?" என்று ஹெட்ஃபோனுக்குள் வந்து விழுந்தது. திலகவதி முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "பெனடிக்ட் சார், அவரோட கடைசி டயலாக் இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் பெனடிக்ட் வாயில் முறுக்கோடு தலையாட்டிவிட்டுப் போட்டார். மறுபடியும் திலகா. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பேசியே பிழைத்த வாய் சொல்கிற மாதிரி அத்தனை சுத்தமாக. காலையில் மாசிலாமணி வந்து கதாநாயகனுக்குப் பேசிவிட்டுப் போயிருக்கிறார், மத்தியானம் கதாநாயகிக்குப் பேச இவள் வந்து நிற்கிறாள், நடுவில் இத்தனை நேரமும் இவள் பெயர் யாருக்கும் தெரியாமல் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. பெனடிக்ட் கவனிக்கவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவருக்கு டப்பிங் என்பது கண் வேலை. திரையில் உதடும் ஸ்பீக்கரில் பேச்சும் பொருந்திவிட்டால், கதாநாயகன் பஞ்சாங்கம் வாசித்தாலும் அவர் ஓகே சொல்லிவிடுவார். இந்தக் காட்சியிலோ கதாநாயகன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வாய் தெரியாத காட்சி. பொருத்திப் பார்க்க உதடே இல்லாத இடத்தில் யார் எதைச் சொன்னாலும் பொருந்தும். "மேடம், இப்ப உங்க டயலாக்தான் இடிக்குது" என்றார் பெனடிக்ட் ஸ்பீக்கர் வழியாக. "அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவை வாயைத் தொறந்து மூடுது. பரமகுரு சார் ஒரு முழ நீளத்துக்கு எழுதி வெச்சிருக்கார். போன் போட்டு மாத்தி வாங்கிடறேன். வெளிய போயிடாதீங்க, உள்ளயே இருங்க." பரமகுரு வசனம் எழுதுகிறவர். போனை எடுத்தால் லேசில் வைக்கிற ஆள் இல்லை, எனவே இவள் உள்ளேயேதான் இருந்தாக வேண்டும்.

பெனடிக்ட் பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் அறை சட்டென்று அமைதியானது. இந்த அமைதிக்கு இத்தனை வருஷம் கழித்தும் அவள் பழகவில்லை. மூச்சு கேட்கும், புடவை உரசுவது கேட்கும், வயிறு தன் பாட்டுக்குப் பேசுவது கேட்கும், அதனால்தான் வெறும் வயிற்றோடு வரக் கூடாது, கொஞ்சம் தயிர் சாதமாவது சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், பட்டுப் புடவை ஆகாது, வளையல் ஆகாது, சங்கிலி ஆகாது. எல்லாம் சரியாகத்தான் செய்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே, இதை எங்கே கழற்றி வைப்பது. திரையில் படம் நின்றுபோயிருந்தது. லிஃப்ட் திறந்திருக்கிறது, உள்ளே ஷென் யூ நீல நிற மெக்கானிக் உடுப்பில் ஒரு கையில் ஸ்பேனரோடு நிற்கிறாள், இன்னொரு கையால் கதவு மூடிக்கொள்ளாமல் பிடித்திருக்கிறாள், வெளியே கோட்டும் சூட்டுமாகக் கு செங்கின் முதுகு. 'லிஃப்ட்டுக்குள் ஒரு காதல்' என்று தமிழில் பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாள் அதைக் கேட்டபோது திலகவதிக்குக் கூச்சமாக இருந்தது, கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் நிரஞ்சனாவிடம் போனில் "ஏதோ ஒரு சீன சீரியல்டி" என்று மழுப்பினாள். ஏதோ ஒன்று இல்லை அது. ஷென் யூ தன் அப்பா விட்டுப்போன லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியை ஒண்டியாக நடத்துகிறவள். கு செங் பெரிய பெரிய கட்டடங்களுக்கு முதலாளி, ஆனால் லிஃப்ட் என்றால் அவனுக்கு நடுக்கம், மாடி மாடியாக நடந்தே ஏறிப் போய் மீட்டிங்கில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்காருவான். முதல் எபிசோடிலேயே வேறு வழியில்லாமல் அவன் ஏறிய லிஃப்ட்டில் கரண்ட் போய் இருவரும் நடுவில் மாட்டிக்கொள்ள, அவன் இவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அழ, இவள் கொஞ்சமும் அசையாமல் "அழறதா இருந்தா அந்தப் பக்கம் திரும்பி அழுங்க சார், கிரீஸ் டப்பாவுல விழுது" என்பாள். அந்த ஒரு வசனத்தைப் பேசி முடித்தபோது திலகவதிக்கு முதுகெலும்பு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. மற்ற சீரியல்களில் பெண் தடுக்கி விழுவாள், ஆண் பிடிப்பான், கேமரா சுற்றிச் சுற்றி வரும். இதில் விழுவதெல்லாம் அவன், பிடிப்பதெல்லாம் இவள். விழும்போது போட வேண்டிய அந்த 'ஆ'வை மாசிலாமணி எத்தனை தினுசாகப் போட்டிருந்தார்! தொப்பையும் நரைத்த மீசையுமாக இருக்கிற மனுஷன், வேஷ்டி தடுக்கினால்கூட சத்தம் போடாமல் சமாளித்துக்கொள்கிறவர், அந்தப் பையனுக்காக ஒவ்வொரு தடவையும் பச்சைப் பிள்ளை மாதிரி அலறியிருந்தார். அந்த மனுஷன் ஒரு நாளும் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேடம்தான். நேரில் மேடம், போனில் மேடம், மூன்றாம் மனுஷரிடம் பேசும்போதுகூட மேடம். இன்றைக்குத்தான் திலகா, அதுவும் 'ஏத்திக்குவியா' என்ற ஒருமையோடு ஒட்டிக்கொண்டு.

தவறிப்போய் வந்ததா, வேண்டுமென்றே சொன்னதா. தவறிப்போயிருந்தால் அவர் வாய் இவள் பெயரை எத்தனை முறை உள்ளுக்குள் சொல்லிப் பழகியிருக்க வேண்டும், தாளில் ஷென் யூ என்று கொட்டை எழுத்தில் இருக்கும்போதே திலகா என்று வருவதற்கு. வேண்டுமென்றே சொல்லியிருந்தால், அவள் அங்கேயே நின்றாள், வேண்டுமென்றே சொல்லியிருந்தால் என்ன என்று அவளால் மேலே போக முடியவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், தவறிப்போய் வந்ததா. கண்ணாடிக்கு அப்பால் பெனடிக்ட் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயசைத்துக்கொண்டிருந்தார், சத்தம் வரவில்லை. யார் வாய் அசைந்தாலும் அதற்கு வசனம் போடுவது அவளுக்குப் பழகிப்போன வியாதி. பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர்கள், பாங்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள், எல்லோருக்கும் போட்டிருக்கிறாள். இப்போதும் பெனடிக்டின் வாய்க்குத் தானாக வசனம் ஓடியது, 'அந்த அம்மாவுக்குப் பேர் கேட்டுடுச்சு சார், முகத்தைப் பாருங்க, வெளிறிப்போச்சு.' சே, அவருக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு ஸ்டுடியோவுக்குள் வந்ததிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லாமல் இருந்ததற்குக் காரணமே வேறு. வசனம் தொடங்குவதற்கு முன்னால் குரல் பதிவாகும் டிராக்கில் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடும், மூச்சு பிடித்துத் தயாராவதற்கான இடம் அது, கடைசியில் பெனடிக்ட் அதையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவார். அந்த வெட்டுப்படுகிற இடத்தில் மாசிலாமணி இவளுக்கு ஏதாவது சொல்லி வைத்துவிட்டுப் போவார். ஆரம்பத்தில் எல்லாம் வேலை விஷயம். "மேடம், இவன் இந்த இடத்துல இழுத்துப் பேசறான், நீங்க அவசரப்படாதீங்க." அப்புறம், "மேடம், இங்க நான் நல்லா வழிஞ்சிருக்கேன், நீங்க வெச்சு வாங்குங்க." அப்புறம், "மேடம், இட்லி சாப்பிட நேரமில்ல, வயித்துச் சத்தம் கேட்டா அது கு செங் இல்ல, நான்தான்." இவளுக்குத் தொண்டை கட்டியிருந்த வாரம், "தொண்டை கட்டியிருக்குன்னு பெனடிக்ட் சொன்னார் மேடம், மிளகை ரெண்டு கடிச்சு வாயில அடக்கிக்குங்க, வெந்நி மட்டும் குடிங்க." பிறகு வந்த வசனத்தில் கு செங் ஷென் யூவுக்குச் சூப் வைத்துக்கொண்டு வந்து மாடிப்படியில் தடுக்கி அத்தனையையும் கொட்டுவான், அந்தச் சூப்பைவிட இந்த மிளகு இவளுக்கு இதமாக இருந்தது. தினமும் மத்தியானம் பஸ் ஏறும்போதே இன்றைக்கு என்ன சொல்லி வைத்திருப்பார் என்ற நினைப்பு ஒரு ஓரத்தில் ஓடும், ஓடுவதை இவள் கண்டும் காணாமலும் விட்டிருந்தாள். இன்றைக்குக் கடைசி எபிசோடு. ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், ஒன்றுமில்லை. வெறும் காற்று. கோபித்துக்கொண்டுவிட்டார், அல்லது மனசு மாறிவிட்டது, போகட்டும், அதுவும் நல்லதுக்குத்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டே ஷென் யூவுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவள், கடைசிக் காட்சியில் தன் பெயரில் போய் முட்டிக்கொண்டாள்.

கோபித்துக்கொள்ளக் காரணம் இருந்தது, அதுதான் விஷயம். போன வாரம் ஏதோ திருத்தத்துக்காக அவரை மத்தியானம் வரச் சொல்லியிருந்தார்கள், தெருமுனை டீக்கடையில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள், அவர் கையில் சர்க்கரை இல்லாத டீ. "சீரியல் முடியப்போகுது மேடம். அப்புறம் நான் யார்கிட்ட பேசுவேன்?" என்றார். குரலைக் கேட்டுப் பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார், எங்கேயோ கேட்ட குரல் என்று நினைத்திருப்பார், எத்தனையோ வில்லன்களும் ஒரு கார்ட்டூன் கரடியும் அந்தத் தொண்டையில்தான் குடியிருந்தார்கள். மாசிலாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சுத்தி வளைக்கத் தெரியல. என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷமாச்சு. நானே சமைச்சு நானே சாப்பிட்டு, சுவத்தோட பேசிட்டு இருக்கேன். இங்க வந்தாலும் சுவத்தோடதான். நான் பேசறப்ப நீங்க இருக்கறதில்ல. நான் சொன்னதை நீங்க கேக்கறீங்க, நீங்க சொன்ன பதிலை ஊர் ஜனம் கேட்டப்புறம்தான் நான் கேக்கறேன். மிச்ச நாளை நாம சேர்ந்து இருக்கலாமான்னு யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு எதுவும் மாற வேண்டாம். வீடு, வேலை, பொண்ணு எதுவும். தாலி கட்டணும்னுகூட இல்ல. அது மைக்ல சத்தம் வரும்." இவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அழுகை வந்துவிடும் போலிருந்ததால் "சீரியல் முடியட்டும், சொல்றேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று மாடியேறிவிட்டாள். அந்தத் தாலியைப் பற்றி அவரிடம் இவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் தொழில் தெரிந்த மனுஷராகச் சொன்னார், அது போய் இவளுடைய பழைய புண்ணில் விழுந்தது. கல்யாணமான புதிதில் இதே போன்ற ஒரு அறையில் சங்கிலி கிணுகிணுத்து டேக் டேக்காக வீணாகப் போனது, மற்ற பெண்கள் செய்கிறபடி இவளும் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டாள், வேலை முடிந்ததும் எடுத்து மாட்டிக்கொண்டாள், இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஒரு நாள் மாட்டிக்கொள்ள மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நிரஞ்சனாவின் அப்பா வாசலிலேயே பார்த்துவிட்டார். "தாலியக் கழட்டிப் பர்ஸுல போட்டுட்டுத்தான் எவன்கிட்டயோ கொஞ்சிக் குலாவிட்டு வர்றியா?" அன்றைக்கு அவள் பேசிவிட்டு வந்தது கார்ட்டூனில் வரும் ஒரு அம்மா அணிலுக்கு. அதைச் சொன்னால் இன்னும் அவமானமாக இருக்கும் என்று தோன்றிச் சொல்லாமல் விட்டாள். அடுத்த வாரத்திலிருந்து வேலை நின்றது. அடுப்படியில் நின்றுகொண்டு கூடத்தில் ஓடும் டிவியின் வசனங்களுக்குச் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டே பல வருஷம் ஓடிப்போயிற்று, ஒரு நாள் நிரஞ்சனா, அப்போது ரொம்பச் சின்னவள், "அம்மா, நீ ஏன் மீன் மாதிரி வாயைத் தொறக்கறே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இவளை வெளியே தள்ளியது.

வெளியே வரும்போது இவள் கையோடு கொண்டுவந்தது ஒரு பெண் குழந்தையும் 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தையும்தான். அந்த வார்த்தையைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். திரும்பி வந்துவிடு என்று புருஷன் பக்கத்து ஆட்கள் சமாதானம் பேச வந்தபோது வேண்டாம். அண்ணன் வீட்டோடு வந்து இரு என்றபோது வேண்டாம். நல்ல இடம் ஒன்று இருக்கிறது, பெண்டாட்டி இல்லாதவர், உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று யார் யாரோ சொன்னபோதெல்லாம் வேண்டாம், வேண்டாம். அதைச் சொல்லச் சொல்லத்தான் கால் தரையில் ஊன்றியது. இப்போது 'சரி' என்று சொன்னால் என்ன ஆகும். மாசிலாமணி நல்லவர், அதில் பேச்சில்லை, நிரஞ்சனாவின் அப்பாவும் பெண் பார்க்க வந்த அன்று நல்லவர்தான், "உங்க குரல் நல்லாருக்கு" என்றுதான் முதல் வார்த்தை சொன்னார். இந்தக் கடைசி எபிசோடின் தாள்கள் வந்ததும் அவளுக்குக் கோபம் வந்ததற்கும் அதுதான் காரணம். இத்தனை எபிசோடாக எவனுக்கும் தலை வணங்காமல் திட்டித் தீர்த்த பெண்ணை, கம்பெனியைப் பிடுங்க வந்த சித்தப்பாவை லிஃப்ட் குழிக்குள் இறக்கிவிட்டுக் கணக்குச் சொல்ல வைத்த பெண்ணை, கடைசியில் ஒரு மோதிரத்தைப் போட்டு மூலையில் உட்கார வைத்துவிடப் போகிறார்கள், எந்த ஊர் சீரியலாக இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று நிரஞ்சனாவிடம் போனில் பொரிந்து தள்ளினாள். நிரஞ்சனாவோ, "யம்மா, நீ பார்க்காமலே சண்டை போடாத. முதல்ல கடைசி சீனைப் பாரு" என்றாள், அவள் அந்தச் சீரியலைச் சீன மொழியிலேயே, கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துப் பார்த்து முடித்தாயிற்று. "அப்புறம் இன்னொண்ணு. ஷென் யூவா பேசறப்ப ஊரையே அலற வெக்கறே. உனக்கு ஒண்ணு வேணும்னா மட்டும் ஏம்மா வாயே வர மாட்டேங்குது?" எனக்கு என்னடி வேண்டும், ஒன்றும் வேண்டாம் என்றாள் இவள், உடனே. அது பொய் என்று இப்போது இந்த அறைக்குள் நிற்கும்போது தெரிகிறது. மத்தியானத்து பஸ்ஸில் ஓரத்தில் ஓடிய நினைப்பு பொய்யா. இன்றைக்கு வெறும் டிராக்குக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது பொய்யா. வேண்டும். அவளுக்கு அந்தக் குரல் வேண்டும், டிராக்கில் வெட்டிப் போடுகிற இடத்தில் மட்டும் இல்லை, காலையில் காப்பி ஆறும்போதும் வேண்டும். நினைத்த மாத்திரத்தில் காது மடல் சூடானது, நல்லவேளையாக ஹெட்ஃபோன் மூடியிருந்தது.

ஆனால் பெயரை என்ன செய்வது. சொல்லாமல் விட்டுவிட்டால் இப்படியே போகும், பஸ்ஸிலும் படுக்கையிலும் செல்போனில் பார்க்கிற அத்தனை பேர் காதிலும் ஷென் யூ ஒரு நிமிஷம் திலகாவாகிவிடுவாள், பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள், மீதிப் பேர் அதையே துண்டாக வெட்டிப் போட்டுச் சிரிப்பார்கள், கம்பெனிக்காரர்கள் மாசிலாமணியைத்தான் கேட்பார்கள், வயசாகிவிட்டது, வாய் குழறுகிறது என்பார்கள். அது கூடாது. சொல்லிவிட்டால் அவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள், பெனடிக்ட் முன்னால் தலைகுனிந்து நின்று ஷென் யூ என்று மாற்றிப் பேசிவிட்டுப் போவார், அந்தத் திலகாவை அழித்துவிடுவார்கள், அவரும் இதுதான் பதில் என்று புரிந்துகொண்டு நாளையிலிருந்து மறுபடி மேடம், வெறும் மேடம். அதுவும் கூடாது. இரண்டும் கூடாது என்றால் என்னதான் கூடும், நினைப்பு செக்குமாடு மாதிரி அதே இடத்தில் சுற்றியது. அப்போதுதான், சுற்றின சுற்றில் எங்கேயோ, டீக்கடையில் அவர் சொன்ன அந்த வார்த்தை திரும்ப வந்தது. நான் சொன்னதை நீங்க கேக்கறீங்க, நீங்க சொன்ன பதிலை ஊர் ஜனம் கேட்டப்புறம்தான் நான் கேக்கறேன். எப்போதும் அவர் காலை, இவள் மத்தியானம். அவர் டிராக் இவள் காதில் ஓடும், இவள் டிராக் அவர் காதில் ஒரு நாளும் ஓடியதில்லை. திருத்தம் பேச அவர் திரும்பி வந்தால், அப்போது இவள் பேசியது ஏற்கெனவே இருக்கும். இந்த ஒரு முறை, இந்த ஒரே ஒரு வசனத்துக்கு, வரிசை தலைகீழாகும். திலகவதி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டாள். திரையில் ஷென் யூ இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தாள், பாவம், கை வலித்திருக்கும்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "மேடம், பரமகுரு சார் லைன்லயே இருக்கார். அவர் எழுதினது, 'இனி எந்த உயரமானாலும் உங்க கூடவே நானும் வருவேன்.'" "அது நுழையாது சார், பாதி டயலாக்கை அவ வாயை மூடிக்கிட்டு பேச வேண்டியிருக்கும்" என்றாள் திலகவதி. பெனடிக்ட் போனில் ஏதோ கேட்டுக்கொண்டு, "'சம்மதம்'னு வெச்சுக்கலாமாங்கறார்." "உதடு ஒட்டணும், அவளுக்கு ஒட்டவே இல்ல." "'சரி'?" "அதுக்கு வாய் ரெண்டு தடவை அசையணும்." "'ம்'?" "சார், அந்தப் பொண்ணு வாயைத் தொறந்து பேசறா. இவ்வளவு நாள் கழிச்சு 'ம்'னு முனகுறதுக்கா?" பெனடிக்ட் அதைப் போனில் அப்படியே ஒப்பித்தார், பரமகுருவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், பெனடிக்ட் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "இதுவரைக்கும் அவ வாயை மட்டும்தான் பாத்தேன், சத்தம் இல்லாம காட்சி முழுக்க ஒரு தடவை ஓட்டுங்க, பாக்கறேன்" என்றாள். படம் அசைந்தது. கு செங்கின் முதுகு ஒரு முறை குலுங்கி நின்றது, கேட்டுவிட்டான். ஷென் யூ அவனைப் பார்த்தாள், தன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். அதைக் கீழே போடுவாள் என்றுதான் திலகவதி நினைத்தாள், இந்த மாதிரி இடத்தில் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஷென் யூ போடவில்லை. இடுப்பு பெல்ட்டில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள், லிஃப்டை விட்டு வெளியே ஓர் அடிகூட வைக்கவில்லை, நின்ற இடத்திலேயே ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள், பிறகு வாயைத் திறந்தாள், ஒரே தடவை, அகலமாக, சிரிப்போடு. நிரஞ்சனா முதலில் பாரு என்றது இதைத்தானா. இவள் எங்கேயும் போகவில்லையே. அவன்தானே பயத்தை விட்டுவிட்டு உள்ளே வரப்போகிறான். திலகவதிக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒரு சீனத்துப் பெண் யாருக்கோ நடித்துவிட்டுப் போன காட்சியைப் பார்த்துவிட்டு இந்த வயசில் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று கேட்கக்கூடத் தோன்றாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"'வா'" என்றாள். "வா மட்டும் போதும் சார்." பெனடிக்ட் சுருதிப் பெட்டிக்காரர் போலத் தலையைச் சாய்த்து யோசித்தார். "உதடு பொருந்தும். ஆனா, அவன் ஏத்திக்குவியான்னு கேக்கறான். வான்னா அதுக்குப் பதிலாகுமா?" "ஆகும்" என்றாள் திலகவதி. "அதுக்கு முன்னாடி ஒண்ணு. மாசிலாமணி சார் அந்த முதுகுக் காட்சியில பேரை மாத்திச் சொல்லியிருக்கார். கேட்டுப் பாருங்க." பெனடிக்ட் போட்டுக் கேட்டார், இந்த முறை காதால் கேட்டார். வாயில் அரைபட்டுக்கொண்டிருந்த முறுக்கு நின்றது. "ஐயையோ. மேடம், இது உங்க பேராச்சே." "ஆமா, என் பேருதான்." அவர் கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தார். வேறு ஒரு நாளாக இருந்தால் தாளைப் புரட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள், இன்றைக்குக் குனியவில்லை, அவரே பார்க்கட்டும் என்று நின்றாள். பெனடிக்ட் மெதுவாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "காலைல நான்தான் உக்காந்திருந்தேன், என் காது எங்க போச்சோ. சரி, அவரை வரச் சொல்றேன், பக்கத்துலதான் இருப்பார்." "சொல்லுங்க. ஆனா நான் இப்ப பேசிடறேன். அவர் வந்ததும் முதல்ல என் டிராக்கை அவர் காதுல போடுங்க. அதைக் கேட்டுட்டு அவர் பேசட்டும்." "நாம எப்பவும் அவரோடதை முதல்ல எடுத்துட்டுத்தானே மேடம்..." "இந்த ஒரு தடவை சார்." பரமகுரு இன்னும் லைனில் கத்திக்கொண்டிருந்த போனைப் பெனடிக்ட் அப்படியே கவிழ்த்து வைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. காதுக்குள் வெற்று டிராக் ஓடத் தொடங்கியது, அந்த மூச்சு பிடிக்கிற இடம், இத்தனை நாளும் அவர் இவளுக்காகப் பேசி வைத்த இடம். திலகவதி மைக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். குரல் நடுங்குமோ என்று பயந்தாள், நடுங்கத்தான் செய்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். "மாசிலாமணி, இங்க நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். நீங்க பயப்படாம ஏறுங்க." திரையில் ஷென் யூ ஸ்பேனரைப் பெல்ட்டில் செருகினாள், நகர்ந்து இடம் விட்டாள், வாயைத் திறந்தாள். "வா" என்றாள் திலகவதி.

விளக்கு அணைந்தது.

"டேக் ஓகே மேடம். உதடு அப்படியே உக்காந்துடுச்சு" என்றார் பெனடிக்ட். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "முன்னாடி நீங்க ஏதோ பேசினது பதிவாகியிருக்கு. வழக்கம்போல வெட்டிடவா?"

"இப்ப வேண்டாம் சார்" என்றாள் திலகவதி. "அவர் கேட்டப்புறம் வெட்டுங்க."